11 மாக் வைத்த டெஸ்ட் எல்லாம் பச்சை, இரவு பேட்ச் மட்டும் படுத்துவிட்டது: கோளாறு எங்கே?

இரவுப்பேட்ச் (கேள்வி கேட்டவர்), திங்கள் இரவு 11:42

வணக்கம். ஜாவா, ஸ்பிரிங் பூட், டெஸ்டுக்கு ஜேயூனிட் 5, மாக் (நாம் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லும் போலி ஆப்ஜெக்ட்) செய்ய மாக்கிட்டோ. நாலு வருடமாக இதுதான் பிழைப்பு, ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சந்தாவைப் புதுப்பிக்கும் கிளாஸ் ஒன்று எங்களிடம் இருக்கிறது. 640 வரி. இரவு பேட்ச் என்று நாங்கள் சொல்வது இதைத்தான், தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடும். அன்று காலாவதியாகும் சந்தாதாரர்களை எடுத்து, ஒவ்வொருவர் கார்டிலிருந்தும் பணம் எடுத்து, பில் போட்டு, மெயில் அனுப்பும். உள்ளே 11 ஃபீல்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆட்டோவயர்டு (இந்த ஆப்ஜெக்டை நீயே கொண்டுவந்து வை என்று ஸ்பிரிங்குக்குச் சொல்லும் குறிப்பு). டெஸ்ட் கிளாஸில் அந்த 11-க்கும் 11 மாக், அவற்றை உள்ளே திணிக்க ஓர் இன்ஜெக்ட்மாக்ஸ். மொத்தம் 58 டெஸ்ட். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

போன வாரம் ஒரு நாள் பேட்ச் 37-வது ஆளோடு நின்றுவிட்டது. மீதி 200 சொச்சம் பேருக்கு எதுவுமே நடக்கவில்லை. லாகைப் பார்த்தால் பேமென்ட் கேட்வேயை (கார்டிலிருந்து பணம் எடுத்துத் தரும் வெளிச் சேவை) அழைத்த வரியில் எக்ஸெப்ஷன், அதாவது கோடை அங்கேயே நிறுத்தும் பிழை. எங்கள் சார்ஜ் மெத்தட் ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்பும். ட்ரூ என்றால் பில், ஃபால்ஸ் என்றால் 'தோல்வி' என்று குறித்துவிட்டு அடுத்த ஆள். இரண்டுக்கும் டெஸ்ட் உண்டு. ஒன்றில் மாக்கிடம் ட்ரூ சொல்லச் சொன்னேன், இன்னொன்றில் ஃபால்ஸ். இரண்டையும் சமர்த்தாகச் சொன்னது. நிஜத்தில் கார்டு மறுக்கப்பட்டால்தான் ஃபால்ஸ் வரும். வேறு எது நடந்தாலும் எக்ஸெப்ஷன். அது எனக்குத் தெரியாது. மாக்குக்கும் தெரியாது.

அதைவிடக் கொடுமை, காலையில் திரும்ப ஓட்டினோம். 37-வது ஆளிடம் இரண்டாவது முறை பணம் போய்விட்டது. முதல் முறையே கேட்வே பக்கம் பணம் எடுத்தாகிவிட்டதாம், பதில்தான் எங்களுக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு எரிச்சலும் உண்டு. ரிப்போவை (டேட்டாபேஸில் படித்து எழுதும் கிளாஸ்) அழைக்கும் இரண்டு இடத்தை ஒன்றாக்கி ஒரு சின்ன ரீஃபாக்டர் செய்தேன். வெளியே தெரியும் நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. 23 டெஸ்ட் உடைந்தது. உடைய வேண்டிய நேரத்தில் உடையாமல், உடையக்கூடாத நேரத்தில் உடைகிறது.

டீம் லீட் இன்னும் டெஸ்ட் எழுது என்கிறார். பக்கத்து சீட் நண்பர், மாக் என்பதே ஏமாற்று வேலை, எல்லாவற்றையும் நிஜ பாகங்களைச் சேர்த்து ஓட்டும் இன்டக்ரேஷன் டெஸ்டாகப் போடு என்கிறார். டிபென்டென்சி இன்ஜெக்ஷன் செய்தால் டெஸ்ட் எழுதுவது சுலபம் என்று படித்துத்தான் இதையெல்லாம் செய்தோம். எங்கே கோட்டை விட்டேன்?


அரைப்புள்ளி, செவ்வாய் காலை 7:15

உங்கள் 37-வது ஆள் மாதிரி எனக்கும் ஒருவர் இருந்தார். நானும் மாக்கைத்தான் திட்டினேன். அதன்மேல் தப்பில்லை என்று புரிய நாளாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். நீங்கள் செய்திருப்பது இன்ஜெக்ஷன்தான், ஆனால் அதில் பாதிப் பலன் உங்களுக்குக் கிடைக்கவில்லை. டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் ஒரு கட்டுரையில் வைத்தார். பெயர்தான் பெரிசு, விஷயம் சின்னது: உனக்கு வேண்டியதை நீயே நியூ போட்டு உருவாக்கிக்கொள்ளாதே, வெளியிலிருந்து வாங்கிக்கொள். அதற்கு ஸ்பிரிங் கூடத் தேவையில்லை, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று போதும்.

ஆட்டோவயர்டு ஃபீல்டில் என்ன நடக்கிறது என்றால், 11 பேரும் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். கிளாஸைப் பார்க்கிறவர் கண்ணில் அந்தக் கூட்டம் படாது. இன்ஜெக்ட்மாக்ஸும் அதே பின்வாசல்தான். நாளைக்கு யாராவது 12-வது ஃபீல்டு சேர்த்தால், அதற்கு மாக் இல்லையே என்று அது வாயே திறக்காது. நல், அதாவது காலி, என்று விட்டுவிடும். அப்புறம் சம்பந்தமில்லாத ஒரு டெஸ்டில் நல் பாயின்டர் வந்து அரை நாளைத் தின்னும்.

அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். 11 ஆட்டோவயர்டையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்கி, ஒரே கன்ஸ்ட்ரக்டரில் வாங்குங்கள். ஸ்பிரிங் 4.3 வந்ததிலிருந்து கன்ஸ்ட்ரக்டர் ஒன்றே ஒன்று என்றால் அதன்மேல் ஆட்டோவயர்டு எழுதவே வேண்டாம். டெஸ்டில் இன்ஜெக்ட்மாக்ஸைத் தூக்கிவிட்டு நீங்களே கையால் நியூ போடுங்கள். 11 ஆர்குமென்டை வரிசையாக டைப் அடிக்கும்போது கை வலிக்கும். வலிக்கட்டும். இந்த கிளாஸ் நாலு பேர் வேலையை ஒருத்தன் தலையில் கட்டியிருக்கிறது என்பதை இவ்வளவு நாள் மாக்கிட்டோ உங்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து, அந்த 11 பேரில் யாருக்கு மாக் வேண்டும் என்று பார்ப்போம். உங்கள் விவரிப்பை வைத்து ஊகிக்கிறேன்: மூன்று ரிப்போ, கேட்வே, மெயில், வரிக் கணக்கு, தள்ளுபடி விதி, ஒரு மேப்பர் (ஒரு வகை ஆப்ஜெக்டை இன்னொரு வகையாக மாற்றுவது), கடிகாரம், செட்டிங்ஸ், ஆடிட் லாக். சரியா?

வரிக் கணக்குக்கு எதற்கு மாக்? எண் உள்ளே போகிறது, எண் வெளியே வருகிறது. நெட்வொர்க் இல்லை, டிஸ்க் இல்லை. நிஜத்தையே கொடுங்கள். தள்ளுபடி விதியும் மேப்பரும் அப்படித்தான். மேப்பருக்கு மாக் வைத்து, அது திருப்ப வேண்டிய ஆப்ஜெக்டையும் நாமே கட்டி, கடைசியில் அதே ஆப்ஜெக்ட் வந்ததா என்று சரிபார்க்கும் டெஸ்டை நான் நிறைய ரிவ்யூவில் பார்த்திருக்கிறேன். அது மாக்கிட்டோவை டெஸ்ட் செய்கிறது, உங்கள் கோடை இல்லை. செட்டிங்ஸ் வெறும் டேட்டா, அதற்கும் மாக் வேண்டாம். கடிகாரத்துக்கு ஜாவா 8-லிருந்து கிளாக் என்ற கிளாஸ் இருக்கிறது, கிளாக்.ஃபிக்ஸ்ட் என்று ஒரு நேரத்தில் நிறுத்தி வைத்துக் கொடுத்துவிடலாம். பிப்ரவரி 29, மாதக் கடைசி, நள்ளிரவு எல்லாம் அப்போதுதான் டெஸ்ட் செய்ய முடியும்.

மிச்சம் ரிப்போக்கள், கேட்வே, மெயில், ஆடிட். இவைதான் உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே இருப்பவை. மாற்று ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

இப்போது கேட்வே. சம்பவத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் சார்ஜ் மெத்தட் பூலியன் திருப்புகிறது, ஆனால் பணம் எடுப்பதில் நடக்கக்கூடியது மூன்று: எடுத்தாயிற்று, மறுத்துவிட்டார்கள், என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. மூன்றாவதுக்கு உங்கள் கோடில் பெயரே இல்லை. பெயரில்லாததை மாக் எப்படிச் சொல்லும்? நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது ஒப்பிக்கும். சொல்லிக்கொடுக்காத மெத்தடை அழைத்தால் எண்ணுக்கு 0, பூலியனுக்கு ஃபால்ஸ், லிஸ்டுக்குக் காலி லிஸ்ட், பெரும்பாலான மற்றவற்றுக்கு நல் என்று நீட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

நான் செய்வது இது. கேட்வேக்கு உங்கள் சொந்த இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் என்று மட்டும் சொல்லும் வரையறை) ஒன்று வையுங்கள், அவர்கள் கொடுத்த லைப்ரரியின் கிளாஸை நேராக மாக் செய்யாதீர்கள். அந்த இன்டர்ஃபேஸ் ட்ரூ, ஃபால்ஸுக்குப் பதில் மூன்று மதிப்புள்ள ஓர் ஈனம் (enum, பெயர் வைத்த மதிப்புகளின் பட்டியல்) திருப்பட்டும். பணம், கார்டு டோக்கனோடு (கார்டு எண்ணுக்குப் பதில் வைக்கும் அடையாளம்) ஒரு கோரிக்கை எண்ணும் வாங்கட்டும், ஒரு சந்தாவுக்கு ஒரு மாதத்துக்கு ஒரே எண். நிறைய கேட்வேக்கள் இப்படியோர் எண்ணை ஏற்கும். அதே எண் இரண்டாவது முறை வந்தால் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பும். உங்கள் 37-வது ஆளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான்.

பிறகு டெஸ்டுக்கென்று ஒரு போலி கேட்வேயைக் கையால் எழுதுங்கள். மாக்கிட்டோ வேண்டாம், சாதாரண கிளாஸ், 40 வரிக்குள் முடியும். உள்ளே ஒரு மேப்: கோரிக்கை எண்ணுக்கு எடுத்த தொகை. வெளியே ஒரு மெத்தட்: 'இந்த டோக்கனுக்குப் பணத்தை எடுத்துக்கொள், ஆனால் பதில் சொல்லாதே'. இப்போது டெஸ்ட் இப்படிப் படிக்கும்: ஐந்து சந்தாதாரர். மூன்றாமவருக்குப் பதில் வராது. பேட்சை ஓட்டு. நாலாவது, ஐந்தாவது ஆளுக்குப் பில் இருக்க வேண்டும். மூன்றாமவர் நிலை 'சரிபார்க்கவும்' என்று இருக்க வேண்டும். மறுபடி பேட்சை ஓட்டு. போலி கேட்வேயில் மூன்றாமவரிடம் எடுத்த தொகை ஒரு மாதத்துக்கு உரியதாகத்தான் இருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு இல்லை.

இந்த டெஸ்டில் வெரிஃபை என்று ஒரு வரிகூட இல்லை, கவனியுங்கள். யார் யாரை எத்தனை முறை அழைத்தார்கள் என்று கேட்கவில்லை, கடைசியில் நிலைமை என்ன என்று மட்டும் கேட்கிறோம். ரீஃபாக்டர் செய்தபோது உங்கள் 23 டெஸ்ட் உடைந்தது ரிப்போவின் படிக்கும் மெத்தடுகளுக்கெல்லாம் வெரிஃபை போட்டதால்தான் என்று பந்தயம் கட்டுகிறேன். படிப்பது கேள்வி மாதிரி. எத்தனை முறை கேட்டால் என்ன? வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாத செயலுக்கு மட்டும் வெரிஃபை வைத்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டவருக்கு 'நன்றி' மெயில் ஒருபோதும் போகக்கூடாது என்றால், மெயிலுக்கு ஒரு மாக், அதில் வெரிஃபை நெவர். அங்கே மாக் வெகு அழகாகப் பொருந்தும்.

லீட் சொல்வதும் நண்பர் சொல்வதும் பாதி சரி. 58 டெஸ்டை 158 ஆக்கினாலும், அத்தனையும் ஒரே தப்பான அனுமானத்தில் நின்றால் மொத்தமும் சேர்ந்துதான் சாயும்.


கடைசி_கமிட், செவ்வாய் மதியம் 1:03

அரைப்புள்ளி சொன்னதில் ரிப்போ பற்றி மட்டும் எனக்கு ஒப்பில்லை. கையால் எழுதிய போலி ரிப்போ என்று எங்கள் டீமும் ஒரு ஹாஷ்மேப்பை (டேட்டாபேஸ் இல்லாமல் மெமரியிலேயே வைக்கும் அட்டவணை) வைத்து ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் அது 600 வரியாகி, அதற்குள்ளேயே பக் வந்து, போலியை டெஸ்ட் செய்ய டெஸ்ட் எழுதும் நிலைக்குப் போனோம். ஹாஷ்மேப்புக்கு யூனிக் இன்டெக்ஸ் தெரியாது. பாதியில் தோற்றால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் ட்ரான்ஸாக்ஷன் ரோல்பேக் தெரியாது. ஒரே பில் எண் இரண்டு முறை போனால் நிஜ டேட்டாபேஸ் கத்தும், மேப் பேசாமல் மேலே எழுதிவிடும். ரிப்போவுக்கு, டெஸ்டுக்காக நிஜ டேட்டாபேஸைத் தற்காலிகமாக எழுப்பும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வைத்து நிஜ போஸ்ட்கிரெஸையே ஏற்றுங்கள். மாக்கும் வேண்டாம், போலியும் வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன். இன்டக்ரேஷன் டெஸ்ட் பக்கம் போகும்போது மாக்பீனை (ஸ்பிரிங் வைத்திருக்கும் ஆப்ஜெக்டுக்கு, அதாவது பீனுக்கு, பதில் மாக்கை வைக்கும் குறிப்பு) அள்ளித் தெளிக்காதீர்கள். ஸ்பிரிங் தன் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்டை (எல்லா பீனும் சேர்ந்த தொகுப்பு) டெஸ்டுகளுக்கு இடையே கேஷில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸிலும் வேறு வேறு பீனை மாக் செய்தால் அது வேறு கான்டெக்ஸ்ட், முதலிலிருந்து எழுப்ப வேண்டும். கேஷும் இயல்பாக 32 வரைதான் பிடிக்கும். எங்கள் பில்ட் 6 நிமிடத்திலிருந்து 19-க்கு ஏறியது இப்படித்தான், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம். ஒரு பேஸ் கிளாஸில் கேட்வே, மெயில் இரண்டையும் மட்டும் மாக் செய்து எல்லோரும் அதையே நீட்டித்தோம், பழையபடி இறங்கியது. ஸ்பிரிங் பூட் 3.4-லிருந்து மாக்பீனுக்குப் பதில் மாக்கிட்டோபீன், புதிதாக எழுதினால் அதையே போடுங்கள்.


அரைப்புள்ளி, செவ்வாய் மதியம் 1:40

600 வரிக்கு வளர்ந்த போலியை நானும் பார்த்திருக்கிறேன், நானே வளர்த்ததும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோல் இது: போலிக்குள் இஃப் மேல் இஃப் வர ஆரம்பித்தால் அதைத் தூக்கிவிட்டு நிஜத்துக்குப் போக வேண்டியதுதான். ஆனால் கேட்வேக்கு அந்த வசதி இல்லை. நிஜ கார்டில் பணம் எடுத்து டெஸ்ட் செய்ய முடியாதே. அங்கே போலிதான் கதி. அதனால்தான் அந்தப் போலி பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி வேண்டும்: ஒரே டெஸ்ட் தொகுப்பை ஒரு முறை போலிக்கு எதிராகவும், ஒரு முறை கேட்வேயின் சாண்ட்பாக்ஸுக்கு (நிஜப் பணம் போகாத சோதனைச் சூழல்) எதிராகவும் ஓட்டுங்கள். முதலாவது ஒவ்வொரு பில்டிலும், இரண்டாவது இரவில் ஒரு முறை. போலி 'மறுக்கப்பட்டது' என்று திருப்பும் இடத்தில் சாண்ட்பாக்ஸ் எக்ஸெப்ஷன் வீசினால் மறுநாள் காலையே தெரிந்துவிடும்.


பாம்பாட்டி, செவ்வாய் மாலை 6:22

பைத்தான்காரர்களுக்கு இதே வியாதி இன்னும் முற்றிய நிலையில் இருக்கும். நமக்கு யூனிட்டெஸ்ட்.மாக்கில் பேட்ச் (patch, மேலே சொன்ன இரவு பேட்ச் இல்லை) இருக்கிறதே, எந்தப் பெயரையும் எங்கிருந்தும் மாற்றிவிடலாம். அதனால் இன்ஜெக்ஷனே தேவையில்லை என்று பல பேர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். ஃபைலைப் பெயர் மாற்றிய அன்று, பேட்ச் செய்த பாதைகள் எல்லாம் ஸ்ட்ரிங் என்பதால் எடிட்டர் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. இரவு எட்டு மணி வரை ஸ்ட்ரிங் திருத்தினேன்.

பேட்ச் செய்ய வேண்டியது அந்தப் பெயர் பிறந்த இடத்தில் இல்லை, பயன்படுகிற மாட்யூலில். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சறுக்கும் இடம் அது. அப்புறம் வெறும் மாக் எதைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றுதான் சொல்லும். இல்லாத மெத்தடை அழைத்தாலும் சிரித்துக்கொண்டே இன்னொரு மாக்கைத் திருப்பும். ஆட்டோஸ்பெக் போட்டால்தான் நிஜ கிளாஸில் இல்லாததை மறுக்கும், ஆர்குமென்ட் எண்ணிக்கையையும் பார்க்கும். ஆனால் கேட்வே எப்போது எக்ஸெப்ஷன் வீசும் என்பதை ஆட்டோஸ்பெக்காலும் சொல்ல முடியாது, அதற்கு அரைப்புள்ளி சொன்ன இரவு ஓட்டம்தான் வழி.


இரவுப்பேட்ச் (கேள்வி கேட்டவர்), அடுத்த திங்கள் இரவு 10:50

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் இதிலேயே கிடந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கன்ஸ்ட்ரக்டரை எழுதி முடித்ததும் ரிவ்யூவில் முதல் கமென்ட் 'இது என்ன, 11 ஆர்குமென்டா?' என்று வந்தது. எழுதியவர் லீட். அதே 11-ம் இரண்டு வருடமாக அதே ஃபைலில்தான் இருக்கிறது. தள்ளுபடி விதியும் கூப்பன் ரிப்போவும் ஒரே ஒரு மெத்தடுக்காக இருந்தன, தனி கிளாஸாகப் பிரித்தேன். பில் போடுவது இன்னொன்று. இப்போது பேட்சுக்கு 5 ஆர்குமென்ட். ரிப்போவுக்குக் கடைசி_கமிட் சொன்னபடி நிஜ போஸ்ட்கிரெஸ்.

போலி கேட்வே 34 வரியில் முடிந்தது. மூன்றாமவருக்குப் பதில் வராத அந்த டெஸ்டை எழுதி ஓட்டியதும் சிவப்பு. எதிர்பார்த்ததுதான், ஆனால் சிவந்த வரி எதிர்பார்க்காதது. பேட்ச் நிற்காமல் போய்விட்டது, நிலையும் 'சரிபார்க்கவும்' என்று சரியாக இருந்தது. மெயில்தான் தப்பு: மூன்றாமவருக்கும் 'நன்றி' மெயில் போயிருந்தது. பழைய கோடில் நிலையைச் சேமிப்பதற்கு முன்னாலேயே மெயில் அழைப்பு இருந்திருக்கிறது. மெயில் போனதா என்று மட்டும்தான் பழைய டெஸ்ட் பார்த்தது, யாருக்குப் போனது என்று இல்லை.

ஒரே சிக்கல் மிச்சம். சாண்ட்பாக்ஸில் மறுப்பு வரவைக்க அவர்களே ஒரு சோதனைக் கார்டு எண் தருகிறார்கள். பதில் வராமல் போவதை எப்படி வரவைப்பது? அதற்கு வழி இல்லை என்கிறது அவர்கள் ஆவணம்.


அரைப்புள்ளி, அடுத்த திங்கள் இரவு 11:20

அதை சாண்ட்பாக்ஸில் தேடாதீர்கள். உங்கள் இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் நிஜ கேட்வேயோடு பேசும் அடாப்டர் கிளாஸ் இருக்கும் அல்லவா, அதற்கு மட்டும் ஒரு டெஸ்ட். வயர்மாக் என்று ஒன்று உண்டு, அது லோக்கலில் ஒரு ஹெச்டிடிபி சர்வராக நிற்கும். அடாப்டரை அதன் பக்கம் திருப்பிவிட்டு, பதிலை உங்கள் ரீட் டைம்அவுட்டைவிட (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) அதிக நேரம் தாமதப்படுத்தச் சொல்லுங்கள். அடாப்டர் 'தெரியவில்லை' என்று திருப்ப வேண்டும். 504 (நடுவிலிருக்கும் சர்வர், பதில் நேரத்துக்குள் வரவில்லை என்று சொல்லும் எண்) அனுப்பச் சொல்லியும் ஒன்று, இணைப்பைப் பாதியில் அறுக்கச் சொல்லியும் ஒன்று போட்டுவிடுங்கள். கேட்வே முகவரியை அடாப்டருக்கும் கன்ஸ்ட்ரக்டரில்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிவிட முடியாது.


இரவுப்பேட்ச் (கேள்வி கேட்டவர்), செவ்வாய் மதியம் 12:31

504 பச்சை. இணைப்பு அறுந்ததும் பச்சை. தாமதத்துக்கு 30 நொடி வைத்து ஓட்டினேன். அடாப்டர் அசையாமல் 30 நொடி உட்கார்ந்திருந்து, கடைசியில் வந்த பதிலை வாங்கிக்கொண்டு 'எடுத்தாயிற்று' என்றது.

தேடிப் பார்த்தால் ரீட் டைம்அவுட் என்று ஒன்றை யாருமே வைக்கவில்லை. அடாப்டருக்குள்ளேயே யாரோ வெறும் ரெஸ்ட்டெம்ப்ளேட்டை (ஹெச்டிடிபி அழைப்பு அனுப்பும் ஸ்பிரிங் கிளாஸ்) நியூ போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப் போட்டால் இயல்பான டைம்அவுட் 0, அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அன்றைக்கு வந்த எக்ஸெப்ஷன்கூட எங்கள் டைம்அவுட் இல்லை, நடுவிலிருந்த ப்ராக்ஸி பொறுமை இழந்து அனுப்பிய 504. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் பேட்ச் 37-வது ஆளிடமே காத்துக்கொண்டு நின்றிருக்கும், லாகில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

ரெஸ்ட்டெம்ப்ளேட்டையும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொண்டுவந்து, 5 நொடி வைத்துக் கொடுத்தேன். டெஸ்டில் 200 மில்லி நொடி, வயர்மாக்கில் தாமதம் 1 நொடி. பச்சை. யார் நியூ போட்டது என்று கிட்டில் (git, கோடை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு) பார்த்தேன். நான்தான், மூன்று வருடத்துக்கு முன்னால்.